என் பெட்டியைத் தாங்கிய பலகை

என் சித்தி எந்த இருக்கையிலும் நேராகப் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலில் நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. முனகுகிறதா, வளைகிறதா, கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்ப்பாள். பிறகுதான் உட்காருவது. ரயில் நிலையத்து பெஞ்ச், துணிக்கடை ஸ்டூல், சம்பந்தி வீட்டு சோபா எதற்கும் விலக்கு கிடையாது. ஒருமுறை பல் வைத்தியரின் நாற்காலியை அழுத்திப் பார்த்துவிட்டு, "டாக்டர், இதுக்கு இடது பக்கம் ஆட்டம் கண்டிருக்கு. என் பல்லை அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அவள் பிழைப்பு அப்படி. ஒரு பிளைவுட் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருபத்தாறு வருஷமாகப் பலகைகளை உடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு டம்ளர் கைதவறினால் மூன்று நாள் திட்டு விழும் எங்கள் குடும்பத்தில், உடைப்பதற்காகச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான். தொழிற்சாலையில் அவள் பெயர் 'உடைப்பு அக்கா'. பதவியின் பெயர் 'சோதனை உதவியாளர்'. அந்த அறையில் அவளைத் தவிர வேறு ஆளே இல்லை. யாருக்கு உதவியாளர் என்று இருபத்தாறு வருஷமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் செய்வது அதிகாரி வேலை. அறைக் கதவில் இருப்பது உதவியாளர் பலகை. அந்தக் கதவுப் பலகை மட்டும்தான் அவள் உடைக்க ஆசைப்பட்டும் உடைக்காமல் விட்டது.

உண்மையில் அவள் டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். அப்போது சோதனை அறையில் இருந்தவர் வேறு வேலை கிடைத்து ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார். "ரெண்டு நாள் பார்த்துக்கோம்மா, ஆள் போட்டுடுவோம்" என்றார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. போகிறவர் அவளுக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பலகைத் துண்டை இரண்டு உருளைகள் மேல் பாலம் மாதிரி கிடத்த வேண்டும். மூன்றாவது உருளை மேலிருந்து நடுவில் இறங்கும். பலகை கொஞ்ச நேரம் சமாளிக்கும், பிறகு முனகும், பிறகு 'டப்'. மிஷினில் எடை காட்டும் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் எட்டு மணி நேரம் கொதிக்கவைத்து, உளியால் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பசை மட்டும் வழுவழுவென்று கழன்று வந்தால் தோல்வி. மரநார் பிய்ந்து வந்தால் வெற்றி. மரமே கிழிந்தாலும் ஒட்டு விடவில்லை என்று அர்த்தம். நம் வீட்டுக் கல்யாணங்களில் பாதியை அந்தத் தொட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது சித்தியின் நெடுநாள் ஆசை.

கிளம்பும்போது அந்த மனிதர் வாசலில் நின்று ஒரு குறுக்கு வழியும் சொல்லிவிட்டுப் போனார். "ரிப்போர்ட் பாரத்துல ரெண்டு கட்டம் இருக்கும். நீளவாக்கு, குறுக்குவாக்கு. நீளவாக்குல மட்டும் உடைச்சுப் பாரு. குறுக்குவாக்குக்கு அதுல பாதி போட்டுக்கோ. எல்லாரும் அப்படித்தான்."

இந்த நீளவாக்கு, குறுக்குவாக்கு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பிளைவுட் செய்வது பென்சில் சீவுகிற மாதிரி. மரத்துண்டைச் சுழலவிட்டுக் கத்தியை வைத்தால், மரம் நீளமான தாளாக உரிந்து வரும். அந்தத் தாள்களைக் காயவைத்து, பசை தடவி, ஒன்றை நீளமாகவும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்தினால் ஷீட். மேல் தாளின் நார் ஷீட்டின் நீளத்தோடு ஓடும். அதனால் நீளவாக்கில் பலகை கெட்டி. குறுக்குவாக்கில் கொஞ்சம் தொய்வு. எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் கதை.

சித்தி சேர்ந்த காலத்தில் தொழிற்சாலைக்கு வந்தவை கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத மரங்கள். இப்போது வருவது ஐந்து வருஷத் தைலமரம். தோட்டத்தில் வரிசையாக நட்டு, சட்டென்று வளர்த்து, தொடை பருமன் ஆனதும் வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். சித்தப்பாவுக்கு இந்த மரங்களைக் கண்டாலே ஆகாது. அவர் தெருமுனையில் தச்சுக்கடை வைத்திருக்கிறார். தேக்கு தவிர மற்றதெல்லாம் அவருக்கு விறகு.

"பால் பல்லு கூட விழலை, அதுக்குள்ள அறுத்துக் கொண்டாந்துட்டாங்க. அதைப் போய்ப் பலகைங்கறா" என்பார்.

"ஒத்தையா நின்னா அது சின்னப் பிள்ளைதான். பதினோரு தாளா ஒட்டிக்கிட்டு நின்னா பெரிய மனுஷன். நீங்க ஒத்தையா நின்னே சின்னப் பிள்ளை" என்பாள் சித்தி.

இவர்கள் கல்யாணமே ஒரு மேஜையால் ஆனது. தாத்தா வாங்கிய மேஜையை இறக்கிவைக்க வந்த தச்சர்தான் சித்தப்பா. சித்தி வழக்கம்போல நடுவில் அழுத்தினாள்; அசையவில்லை. ஏறி நின்றாள், அசையவில்லை. "மேஜையைத்தான் பிடிச்சிருந்தது, ஆளு இலவசமா வந்தாரு" என்று இன்றைக்கும் சொல்கிறாள். அவரும் மறுப்பதில்லை.

ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்யும்வரை ஒரு வாரம் தங்கலாம் என்று நான் சித்தி வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய விமான நிறுவனத்தின் எடைச் சீட்டைத்தான் பிடித்தாள். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தாள்.

"இருபத்து மூணு கிலோவா? சரியா இருபத்து மூணா?"

"ஆமா சித்தி. அதுக்கு மேல விட மாட்டாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ள வா."

ஹாலில் கால்வைக்க இடமில்லை. இரண்டு மர முக்காலிகள் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றன. அவற்றின் மேல் இரண்டு முகத்திலும் வெள்ளை மைக்கா ஒட்டி, விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டிய ஓர் அலமாரித் தட்டு. அதன் முன் விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூலை விறைப்பாக இழுத்துக் குண்டூசி குத்தியிருந்தாள். நடுவில் ஓர் இரும்பு ஸ்கேல். நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் என் பெட்டி பக்கவாட்டில் படுத்து அந்தத் தட்டின் மேல் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒன்பது உப்புப் பாக்கெட்டுகள்.

"முப்பத்திரண்டு கிலோ. இனி நாப்பது நாளைக்கு யாரும் தொடக்கூடாது" என்றாள்.

"அதுல என் துணியெல்லாம் இருக்கு சித்தி."

"எடுத்துக்கோ. எடுத்த எடைக்கு மணல் போட்டுடு."

சித்தப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பார்த்தியாம்மா? நான் சோபாவுல உட்கார்ந்து ஆறு நாளாச்சு. கேட்டா ஆராய்ச்சியாம். இத்தனை நாள் யார் தலையில எடையை ஏத்தலாம்னு பார்த்துட்டே இருந்தா. நீ வந்து மாட்டுன."

விஷயம் இதுதான். நகர நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அறுநூறு அலமாரித் தட்டுகள் இந்தத் தைலமரப் பலகையில் செய்யச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பலகைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. நூலகர் அம்மாள் நேரிலேயே தொழிற்சாலைக்கு வந்தார். அவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்களை நிறுத்துப் பார்த்து எடையோடு வந்திருந்த ஆள். சோதனை அறையில் சித்தி இரண்டு துண்டுகளை உடைத்துக் காட்டி, முள் எவ்வளவு உயரம் போனது என்று பெருமையாகச் சொன்னாள். நூலகர் அசரவில்லை.

"உடையாதுன்னு புரியுது. என் பழைய நூலகத்துலயும் எதுவும் உடையலை. ஆனா எல்லாத் தட்டும் நடுவுல தொங்கி, அலமாரி முழுக்க சிரிக்கிற மாதிரி இருக்கு. முப்பத்திரண்டு கிலோ வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கும். இது தொங்குமா?"

ஒரு நிமிஷத்தில் ஒரு பலகையை உடைக்கிறவளிடம் வருஷக்கணக்கில் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் மேனேஜர் நின்றார். அவர் மேஜையில் சித்தியை 'சோதனை அதிகாரி' ஆக்கும் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நூலக வேலை நல்லபடியாக முடிந்தால் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். சித்தி மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எட்டு மில்லிமீட்டருக்கு மேல தொங்காது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். போட்டாள்.

கணக்கு ஒன்றும் தப்பில்லை. நீளவாக்குச் சோதனைப்படி இந்தப் பலகை எடை ஏற்றியதும் ஐந்து மில்லி இறங்கும், போகப் போக ஏழுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்த சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை. தயாரான தட்டுகளிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தொழிற்சாலையில் நாற்பது நாள் இடத்தை அடைக்க மேனேஜர் விடவில்லை. எனவே சோபா போயிற்று, ஹால் போயிற்று, என் பெட்டியும் போயிற்று. அவளுடைய எந்த ரிப்போர்ட்டும் இருபத்தாறு வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. அதை ஒரு பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறவள்.

என் பெட்டி ஏறிய அன்று மாலை சித்தி டீயோடு வந்து ஸ்கேலைப் பார்த்தாள். பதின்மூன்று மில்லி.

டீயைக் கீழே வைத்தாள். மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உன் பெட்டி பொய் சொல்லுது."

"நான் சொல்றதுண்டு. பெட்டி சொல்லாது."

கேட்டால்தானே? பெட்டியை இறக்கி, திறந்து, ஒவ்வொன்றாகச் சித்தப்பாவின் கடைத் தராசில் வைத்தாள். என் ஆறு வருஷ வாழ்க்கை தெருமுனைக் கடையில் கிராம் கணக்கில் எடை போடப்பட்டது. துவைக்காத துணி தனி, துவைத்தது தனி. நடுவில் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இதென்னடி, மூணு கிலோ கல்லு?"

"ஒவ்வொரு கடற்கரையிலயும் ஒண்ணு பொறுக்கினேன்."

"எத்தனை நாடு போய் வந்துருக்கா! கல்லு கொண்டு வந்துருக்கா!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் மொத்தம் சரியாக இருபத்து மூன்று. விமான நிறுவனத்தின் மானம் பிழைத்தது.

அடுத்து முக்காலிகள் மேல் சந்தேகம். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். பிறகு தரை. பிறகு நூல். பிறகு சித்தப்பா.

"உண்மையைச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போனதும் இது மேல சாய்ஞ்சீங்களா?"

"நான் எதுக்குச் சாயணும்? அது தன்னால சாயுது. பார்க்கவே சுகமா இருக்கு."

சித்தப்பாவுக்கு வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷம் வந்து பார்த்ததில்லை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே குனிந்து ஸ்கேலைப் படித்து, மேட்ச் ஸ்கோர் மாதிரி அறிவிப்பார். "பதிமூணரை!" "பதினாலரை!" "பலகைக்குத் தொந்தி விழுந்துடுச்சு, வந்து பாருங்க!" சித்தி ரொட்டியைக் கிழித்துத் தின்பாள். கிழித்த ரொட்டியின் ஓரத்தையும் பார்த்துக்கொள்வாள், பழக்கம்.

தொழிற்சாலையில் மறுபடி நான்கு துண்டுகளை நீளவாக்கில் உடைத்தாள். நான்கும் பழைய எண்ணையே காட்டின. பத்தொன்பதாம் நாள் வீட்டில் பதினாறு மில்லி. அவள் வாயைத் திறந்து தோல்வியைச் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் வைக்காமல், தலை வாராமல் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மிஷின் சரி. மரம் சரி. பசை சரி. உன் கல்லு மூட்டையும் சரி. அப்ப யார்டி சரியில்லை?"

அவள் கொஞ்ச நேரம் அந்த வெள்ளை மைக்காவையே முறைத்தாள். திடீரென்று எழுந்து, "இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணுங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

சித்தப்பா விளிம்புப் பட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினார். பசை இளகியது. பட்டையை ஒரு முனையில் பிடித்து உரித்தார். உள்ளே பதினோரு அடுக்குகளும் வரிசையாகத் தெரிந்தன. சித்தி கட்டை விரலை எச்சில் தொட்டு நீள விளிம்பில் தேய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். முறையாக வெட்டிய தட்டாக இருந்தால், நீள விளிம்பில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் கோடு கோடாக ஓட வேண்டும். இங்கே இரண்டும் புள்ளி புள்ளியாக இருந்தன. அதாவது நாரின் வெட்டுவாய். அதாவது தட்டு குறுக்கே வெட்டப்பட்டிருந்தது.

சித்தப்பாவும் பார்த்துவிட்டார். "தேக்கா இருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அவர் போட்டுத்தரும் மட்டமான டீயைப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். இருபது வருஷத்தில் மூன்றாவது முறை என்று பிறகு சித்தி கணக்குச் சொன்னாள்.

மறுநாள் எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் கூடப் போனேன். அறுக்கும் கூடத்தில் ரம்பக்காரர் காதில் பஞ்சோடு நின்றார். சித்தி பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள்.

"நூலகத் தட்டைக் குறுக்கே போட்டா அறுத்த?"

"ஆமாக்கா!" அவருக்கு ஒரே பெருமை. "நீளவாக்குல போட்டா ஒரு ஷீட்டுக்கு எட்டுதான் வருது. குறுக்கே திருப்பிப் போட்டேன், ஒன்பது! மேனேஜர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு."

"அறிவு இருக்கா உனக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்காம செய்வேனாக்கா? உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் செஞ்சேன். குறுக்குவாக்குக் கட்டத்துல நீங்களே பாஸ்னு போட்டிருந்தீங்களே. உடைப்பு அக்கா எழுதினா அப்பீலே கிடையாதுன்னு திருப்பிப் போட்டேன்."

ரம்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சித்தி பஞ்சை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோதனை அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தினாள். அன்று அவள் உடைத்ததெல்லாம் குறுக்குவாக்குத் துண்டுகள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. பழைய பெரிய மரங்களில் 'பாதி' என்பது ஏறக்குறைய நிஜமாக இருந்திருக்கலாம். இந்த ஐந்து வருஷப் பிள்ளைகளிடம் பாதி இல்லை. மூன்றில் ஒரு பங்கும் சொச்சமும். துண்டுகள் 'டப்' என்று கூட முறியவில்லை. சோம்பலாக வளைந்து, அலுப்போடு கிழிந்தன.

"எனக்கு முன்னால இங்க இருந்த ஆள் என்கிட்ட ஒரு பொய்யைக் குடுத்துட்டுப் போனான். நான் அதை ஒழுங்கா மாசாமாசம் பாதியாக்கி எழுதியிருக்கேன்" என்றாள்.

மேனேஜர் அறையில் பேச்சு நீளவில்லை. அவர் கெட்டவர் இல்லை; வேலை முடிந்தால் போதும் என்கிற ரகம்.

"நானூத்துப் பன்னெண்டு தட்டு போயாச்சு மேடம். பாதி மாட்டியும் ஆச்சு. உடையாதுல்ல?"

"உடையாது. தொங்கும்."

"தொங்கினா என்ன மேடம்? வயசானா எல்லாருக்கும்தான் தொங்குது."

"ரெண்டு வருஷத்துலயா?"

அவர் மேஜையில் ஒரு கோப்பை விரலால் தட்டினார். "இதுல என்ன தாள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் மேலே அனுப்பறதா இருந்தேன். ரிப்போர்ட்டை நீங்களே வாபஸ் வாங்கினா, 'இவங்க ரிப்போர்ட் தப்பு, இவங்களை அதிகாரி ஆக்குங்க'ன்னு நான் எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க."

சித்தி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பதற்றமாக இருந்தால் உட்கார்ந்திருக்கும்போதே அழுத்துவாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் பேனாவையே எடுத்து, அவர் தாளிலேயே எழுதினாள். "நான் கையெழுத்திட்ட நூலகத் தட்டு அறிக்கையில் குறுக்குவாக்கு எண் சோதித்து எழுதியது அல்ல. அந்த அறிக்கை செல்லாது." கீழே கையெழுத்து. அதற்குக் கீழே, சோதனை உதவியாளர்.

"இப்ப உங்களுக்கு ரெண்டு தாள் இருக்கு. எதை அனுப்பணும்னு நீங்க குழம்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நாங்கள் நூலகத்துக்குப் போனோம். சித்தப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தார். பலகையை யார் தூக்குவது என்று காரணம் சொன்னார். பெட்டியை நான் தூக்கினேன். புதுக் கட்டடத்தில் பெயிண்ட் வாசனை. பாதிச் சுவரில் அலமாரிகள் நின்றன. வெள்ளையாக, நேராக, ஒரு குற்றமும் அறியாத முகத்தோடு. புத்தகங்கள் இன்னும் ஏறவில்லை. சித்தி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் எங்கள் பலகையை வைத்து, பெட்டியை ஏற்றி, உப்பை அடுக்கி, நூலைக் கட்டி, நூலகரைக் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

"பதினாறு" என்றார் நூலகர். நிமிர்ந்து, "நீங்க எட்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அது இந்த வாக்குல வெட்டின பலகைக்கு இல்லை. வெட்டினவர் மேல தப்பு இல்லை. நான் சோதிக்காம ஒரு எண்ணை எழுதினேன், அதை நம்பி வெட்டிட்டார்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ரெண்டு வருஷத்துல தெரிஞ்சிருக்கும். உங்க அலமாரி மறுபடி சிரிச்சிருக்கும். என்னைப் பார்த்து."

நூலகர் கோபப்படலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சித்தி தன் கைப்பையை எடுத்துப் பலகையின் நடுவில் அடியில் நிறுத்தினாள். அதன் மேல் ஒரு டிபன் டப்பா, ஒரு நோட்டு. உயரம் சரியாக இருந்தது. நூலுக்கும் பலகைக்கும் இடைவெளியே இல்லை.

"மாட்டினதைக் கழட்ட வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல, அடியில முட்டுக்கொடுத்து ஒரு குத்துப்பலகை. ஒரு மீட்டர் ரெண்டு அரை மீட்டரா ஆயிடும். தூரம் பாதியானா தொய்வு பாதி ஆகாது. பதினாறுல ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மில்லி. மீதி தட்டு எல்லாம் நீளவாக்குல வெட்டித் தருவோம். வெட்டின ஒவ்வொண்ணையும் நானே விளிம்பு பார்த்து அனுப்பறேன்."

"உங்க மேனேஜர் ஒத்துக்குவாரா?"

"ஒரு ஷீட்டுக்கு ஒண்ணுன்னு மிச்சம் பிடிச்சாருல்ல. அதுலதான் குத்துப்பலகை."

மேனேஜர் ஒத்துக்கொண்டார், பல்லைக் கடித்துக்கொண்டு. நூலகர் எழுத்தில் கேட்டுவிட்டதால் வேறு வழியில்லை. குத்துப்பலகைகளைப் பொருத்த ஆள் போதவில்லை என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நான்கு நாள் அவர் அந்தச் 'சின்னப் பிள்ளைகளை' அளந்து, சீவி, திருகாணி முடுக்கினார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, எதுவும் நடக்காத மாதிரி சொன்னார்.

"நம்ம சமையலறைப் பரண்ல ஒரு தட்டு வைக்கணும். உங்க பலகையில ஒண்ணு எடுத்துட்டு வா."

சித்தி கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "எந்த வாக்குல வெட்டணும்? சொல்லுங்க பார்ப்போம்."

"நீளவாக்கு, நீளவாக்கு. இந்த வீட்டுல இனி யாருக்கு மறக்கும்?"

பதவித் தாள் மேனேஜரின் இழுப்பறைக்குப் போய்விட்டது. அந்த வருஷத்துக்கு இல்லை என்றார். அடுத்த வருஷத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட் பாரத்தில் குறுக்குவாக்குக் கட்டத்துக்குப் பக்கத்தில் சித்தி சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தாள்: 'உடைத்த துண்டை இணைக்கவும்'. இனி யாரும் பாதி போட முடியாது, அவள் உட்பட. வேலை இரண்டு மடங்கானது. திட்டிக்கொண்டே செய்தாள்.

நான் கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை என்பதுதான் சரி. நீளவாக்கில் வெட்டிய தட்டு உண்மையிலேயே எட்டுக்குள் நிற்கும் என்று நூலகருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குத் தொண்ணூறு நாள். எடைக்கு என் பெட்டி. "வேற எதை வெச்சாலும் பழைய சோதனையோட ஒப்பிட முடியாதுடி" என்றாள். முக்காலிகள் மறுபடி ஹாலுக்கு வந்தன. சித்தப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். முதல் நாள் ஐந்து. முப்பதாம் நாள் ஆறரை. தொண்ணூறாம் நாள் ஏழு மில்லியும் ஒரு மயிரிழையும். சித்தப்பா அன்று ஸ்கோரை அறிவிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, பல் துலக்குவதைத் தொடர்ந்தார். இதைத்தான் அந்த வீட்டில் பாராட்டு என்கிறார்கள்.

சித்தி ரிப்போர்ட் எழுதினாள். 'சுமை' என்ற இடத்தில், 'அக்கா மகளின் பயணப்பெட்டி, 23 கிலோ (கற்கள் உட்பட). உப்பு, 9 கிலோ' என்று இருந்தது. மேனேஜர் அதை அடித்துவிட்டு 'சீரான எடை' என்று திருத்தினார். சித்தி அதை அடித்துவிட்டு மறுபடி பெட்டியையும் உப்பையும் எழுதினாள். "என்ன வெச்சேனோ அதைத்தான் எழுதுவேன். இனிமே." அப்படியே போயிற்று.

பத்து நாள் கழித்து நூலகரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குழந்தைகள் பிரிவுக்கு இன்னும் இருநூறு தட்டுகள் வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் பலகையை உடைக்கும் அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் ஒன்றையும் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று எழுதியிருந்தார். உறையின் மேல், 'சோதனை அதிகாரி அவர்களுக்கு'. மேனேஜர் அதைத் தானே கொண்டுவந்து சித்தியின் மேஜையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சித்தி உறையைப் படித்தாள். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன், இல்லை என்று அவள் சத்தியம் செய்தாலும். பிறகு பேனாவை எடுத்து, 'அதிகாரி' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'உதவியாளர்' என்று எழுதி, கோப்பில் சேர்த்தாள்.

"எதுக்கு சித்தி?"

"ஆகலையே இன்னும். ஆனதும் எழுதிக்கலாம்" என்றாள். பிறகு அடுத்த துண்டை உருளைகள் மேல் கிடத்தினாள். குறுக்குவாக்கில்.